எது வரைவு, எது திருத்தம்? கோடு புத்தகங்களிலும் ஆபீஸ் ஆவணங்களிலும் வரும் அடையாளக் குழப்பங்களும் தீர்வும்

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளில் இருக்கும் சின்ன கம்பெனிகளிலும், மதுரையைச் சுற்றியுள்ள சோதனை லேப்களிலும், டிசைன் ஆபீஸ்களிலும் ஆவணம் பார்ப்பதற்கென்று தனி ஆள் பெரும்பாலும் இருக்க மாட்டார். குவாலிட்டி பார்ப்பவர் தலையிலேயே அதுவும் விழும். அவர் மேஜைக்கு வரும் சிக்கல்களை, அவை எப்படிக் கண்ணில் படுமோ அப்படியே தலைப்பாகப் போட்டிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேரே போய்விடலாம்.

அதற்கு முன் இரண்டு விஷயங்கள். ‘கோடு’ என்று இங்கே சொல்வது ஆங்கில ‘code’, அதாவது வெளியிடப்பட்ட தர நிர்ணய ஆவணம். இன்னொன்று இது. எந்த ஆவணத்தின் அடையாளமும் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இது எந்தக் கட்டத்தில் இருக்கிறது: வரைவா, ஒப்புதல் ஆனதா, விலக்கப்பட்டதா? இது எத்தனையாவது திருத்தம்? வெளிவந்த பிறகு இதன் மேல் என்ன ஏறியிருக்கிறது: அமெண்ட்மெண்ட்டா (ஒரு பகுதியை மட்டும் மாற்றும் தனித்தாள்), மறு உறுதியா (மாற்றமில்லாமல் தொடர்கிறது என்ற முடிவு)? கீழே வரும் குழப்பங்களில் முக்கால்வாசி, ஒரு கேள்வியின் பதிலை இன்னொன்றின் கட்டத்தில் எழுதியதால் வந்தவை.

அறிகுறி: ஒரே ஃபோல்டரில் இரண்டு ‘ஃபைனல்’ இருக்கிறது

‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் சார் கரெக்‌ஷன்’. பிரிண்ட் எடுக்கப் போகிற பையன் வாசலில் நின்றுகொண்டு, “அண்ணே, எதைப் போட?” என்று கேட்கிறான்.

கோப்பின் தேதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். யாரோ திறந்து பார்த்துவிட்டுச் சும்மா சேவ் கொடுத்திருந்தால் பழைய கோப்புக்கும் இன்றைய தேதி விழுந்துவிடும். வாட்ஸ்அப்பில் வந்ததை இறக்கினால் இறக்கிய நாளைத்தான் காட்டும். முதலில் கையெழுத்தான பிடிஎஃப் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுதான் ஒப்புதல் ஆனது, மற்றதெல்லாம் வரைவு. இல்லையென்றால் வேர்டில் ‘கம்பேர்’ வசதியில் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டியவர் முன்னால் வையுங்கள். இதில் குவாலிட்டி ஆள் தானே முடிவெடுப்பது சரியல்ல.

அப்புறம் பெயர் மாற்றம். ஆவண எண், கட்டம், திருத்தம், வரைவு எண், தேதி என்று ஒரே வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ‘கியூபி-07, வரைவு, தி02-வ03, 2024-06-05’ என்று இருந்தால், இரண்டாம் திருத்தமாக வரப்போவதன் மூன்றாம் வரைவு இது என்று யாருக்கும் புரியும். ஒப்புதல் ஆனதும் ‘வ03’ போய்விடும், ‘தி02’ மட்டும் நிற்கும். 02 என்று பூஜ்யம் சேர்த்து எழுதாவிட்டால், பல இடங்களில் வரிசைப்படுத்தும்போது 10 வந்து 2-க்கு மேலே உட்கார்ந்துகொள்ளும். தேதியில் ஆண்டு முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. 05-06-24 என்றால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கக் கஸ்டமருக்கு மே 6.

‘ஃபைனல்’ என்ற சொல்லைக் கோப்புப் பெயரில் தடை செய்துவிடுங்கள். அது ஆசை, கட்டம் அல்ல.

இலந்தைக்குளம், வடபழஞ்சிப் பக்கம் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு நல்ல முன்மாதிரி தெரிந்திருக்கும். இணைய நெறிமுறைகளை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில் ஒவ்வொரு வரைவின் பெயர் முடிவிலும் 00, 01, 02 என்று எண் இருக்கும். புதுப்பிக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் அந்த வரைவு காலாவதி. ஆர்.எஃப்.சி. (அந்த அமைப்பு வெளியிடும் ஆவணம்) எண் வாங்கி வெளிவந்துவிட்டால் அதற்கப்புறம் அதில் ஓர் எழுத்துக்கூட மாறாது. மாற்றம் வேண்டுமென்றால் புது எண்ணில் புது ஆவணம்தான். நம் ஆபீஸ் வரைவுகளுக்கும் காலாவதித் தேதி போடலாம் என்பது என் கட்சி.

அறிகுறி: பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள ஆண்டில் அப்படி ஒரு கோடே இல்லை

‘ஐ.எஸ். 456 : 2016-இன்படி’ என்று ஆர்டர் வருகிறது (ஐ.எஸ். என்றால் இந்தியக் கோடு). தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒரு பதிப்பு வரவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தக் கோடு 1953-ல் முதலில் வந்தது. பிறகு 1957, 1964, 1978, 2000 என்று திருத்தப்பட்டது. 2000-ல் வந்தது நான்காம் திருத்தம்.

பிறகு வேறொரு ஆண்டு எங்கிருந்து முளைக்கிறது? இந்தியத் தர நிர்ணய அமைப்பு, அதாவது பி.ஐ.எஸ்., தன் கோடுகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது பரிசீலிக்கிறது. மாற்றம் தேவையில்லை என்றால் அதை அப்படியே உறுதிப்படுத்தி, அட்டையில் ‘ரீஅஃபர்ம்டு’ என்று அந்த ஆண்டைப் போடுகிறது. உள்ளே எதுவும் மாறியிருக்காது. ஆர்டர் டைப் செய்தவர் அட்டையில் பெரிதாகத் தெரிந்த புது ஆண்டை எடுத்துப் போட்டிருப்பார்.

நீங்களாகவே ‘2000 என்றுதான் சொல்லியிருப்பார்கள்’ என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. ஒரு மெயில் போதும்: “ஆர்டரில் உள்ள ஆண்டு பதிப்பு ஆண்டு அல்ல. 2000 பதிப்பு, வெளிவந்த அமெண்ட்மெண்ட்கள் அனைத்தும் சேர்த்து என்று எடுத்துக்கொள்கிறோம். உறுதிசெய்யவும்.” பதில் வந்ததும் அதை ஆர்டரோடு பின் அடித்து வையுங்கள். பில் பாஸாகும் நேரத்தில் இந்தத் தாள்தான் பேசும்.

இதற்கு ஒரு தம்பிச் சிக்கலும் உண்டு. நான்காம் திருத்தம் என்றால் அது ஐந்தாம் பதிப்பு. முதலில் வந்ததற்குத் திருத்த எண் கிடையாது அல்லவா? பி.ஐ.எஸ். திருத்தத்தை எண்ணுகிறது, சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. பதிப்பை எண்ணுகிறது. ஐ.எஸ்.ஓ. 9001 : 2015-இன் அட்டையில் ஐந்தாம் பதிப்பு என்றிருக்கும், 1987, 1994, 2000, 2008, 2015 என்று ஐந்து முறை வந்ததால். மாஸ்டர் லிஸ்டில், அதாவது ஆபீஸில் உள்ள கோடுகள், ஆவணங்கள் எல்லாவற்றின் பட்டியலில், இரண்டுக்கும் ஒரே நிரலை வைத்தால் ஒன்று கூடவோ குறையவோ வரும். ஆண்டுக்கு ஒரு நிரலும், அட்டையில் உள்ள வார்த்தையை அப்படியே எழுத இன்னொரு நிரலும் வையுங்கள்.

அறிகுறி: எண் ஒன்று, ஆண்டு ஒன்று, ஆனால் இரண்டு காப்பியில் ஒரு பிரிவு வேறு மாதிரி

இது மிக அதிகமாக வருவது, பல பேர் கண்டுகொள்ளாமல் விடுவதும்கூட. கல்லூரியில் படிக்கும்போது ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட காப்பி ஒருவர் கையில், போன மாதம் இறக்கிய பிடிஎஃப் இன்னொருவர் கையில். இரண்டிலும் ஐ.எஸ். 456 : 2000 என்றுதான் இருக்கும்.

வித்தியாசம் அமெண்ட்மெண்ட்டில் இருக்கிறது. ஒரு கோடு வெளிவந்த பிறகு ஒரு பிரிவை மட்டும் மாற்ற வேண்டுமானால், பி.ஐ.எஸ். முழுப் புத்தகத்தையும் திருத்துவதில்லை. எண்ணும் மாதமும் ஆண்டும் போட்டு ஒரு தனித்தாள் வெளியிடும். 456-க்கு முதல் அமெண்ட்மெண்ட் 2001 ஜூனில் வந்தது, அதற்குப் பிறகும் வந்திருக்கின்றன. கோட்டின் எண்ணோ ஆண்டோ இதனால் மாறாது. பிந்தைய அச்சுகளில் சில மாற்றங்கள் உள்ளேயே சேர்க்கப்பட்டிருக்கலாம், சில பின்னால் இணைக்கப்பட்டிருக்கலாம், ஜெராக்ஸ் காப்பியில் அந்தத் தாளே விழுந்துபோயிருக்கலாம்.

கோடு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெளிவந்த பின் வந்த அமெண்ட்மெண்ட்களை எழுத ஒரு சின்ன அட்டவணை இருக்கும்: எண், வெளியான தேதி, எந்தப் பகுதி மாறியது. முக்கால்வாசிக் காப்பிகளில் அது வெறுமையாகவே கிடக்கும். அதை நிரப்ப வேண்டியது நாம்தான்.

செய்ய வேண்டியது இதுதான். பி.ஐ.எஸ். தளத்தில் கணக்குத் தொடங்கினால் இந்தியக் கோடுகளை இலவசமாகவே இறக்கலாம். அங்கே அந்தக் கோட்டுக்கு எத்தனை அமெண்ட்மெண்ட் என்று பாருங்கள். தாள்களை எடுத்து, மாறிய பிரிவின் ஓரத்தில் பென்சிலால் அமெண்ட்மெண்ட் எண்ணை எழுதுங்கள். பிரிவையே அடித்து மாற்றி எழுத வேண்டாம். நாளை ஆடிட்டர் பழைய வாசகம் என்ன என்று கேட்டால் காட்ட வேண்டும். கடைசிப் பக்க அட்டவணையை நிரப்புங்கள். மாஸ்டர் லிஸ்டில் கோடு எண், ஆண்டு, ‘அமெ. எது வரை’, பார்த்த தேதி என்று நான்கையும் போடுங்கள். பார்த்த தேதி இல்லாத மாஸ்டர் லிஸ்டை நான் நம்புவதில்லை.

அறிகுறி: இரண்டு லேப்களில் மிக்ஸ் டிசைனின் இலக்கு வலிமை வேறு வேறு

மிக்ஸ் டிசைன் என்பது கான்கிரீட் கலவை விகிதக் கணக்கு. இரண்டு ரிப்போர்ட்டிலும் ‘ஐ.எஸ். 10262-இன்படி’ என்று மட்டும் இருக்கும், ஆண்டு இருக்காது. இந்தக் கோடு 1982-ல் வந்தது, 2009-ல் முதல் திருத்தம், 2019-ல் இரண்டாம் திருத்தம்.

எம் 25 கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். 2009 பதிப்பில் இலக்கு வலிமை என்பது 25-உடன் திட்ட விலக்கத்தின் (சோதனை முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவின்) 1.65 மடங்கைக் கூட்டுவது. சைட் நன்றாக நடந்து விலக்கம் 3 என்று வந்தால் 29.95. 2019 பதிப்பு இன்னொரு கணக்கையும் சேர்க்கிறது: தரத்தைப் பொறுத்து ஒரு நிலையான எண்ணைக் கூட்டிப் பார், இரண்டில் பெரியதை எடு. எம் 25-க்கு அந்த எண் 5.5. ஆக 30.5. இரண்டு லேப்களும் சரியாகத்தான் போட்டிருக்கின்றன, வேறு வேறு பதிப்பில்.

சோதனை ரிப்போர்ட்டிலும் கணக்குத் தாளிலும் கோட்டை ஆண்டோடுதான் குறிக்க வேண்டும். ஆண்டு போடாமல் குறித்தால், அமெண்ட்மெண்ட்களோடு சேர்ந்த மிகப் புதிய பதிப்பு என்றுதான் பொதுவாகப் பொருள் கொள்வார்கள். உங்கள் ஆபீஸ் வேலைக் குறிப்பில் அது வசதியாகவும் இருக்கலாம். ஆனால் பிரிவு எண்ணையோ அட்டவணை எண்ணையோ சொன்னால் ஆண்டு கட்டாயம். திருத்தம் வரும்போது முதலில் இடம் மாறுவது பிரிவு எண்கள்தான்.

அறிகுறி: நெட்டில் கிடைத்த பிடிஎஃப் கோடு மாதிரியே இருக்கிறது, ஆனால் ஏதோ இடிக்கிறது

அது வரைவாக இருக்கலாம். பி.ஐ.எஸ். கோடு மூன்று வரைவு நிலைகளைத் தாண்டி வருகிறது. குழுவுக்குள் சுற்றும் ஆரம்ப வரைவு பி-டிராஃப்ட். ஊருக்கெல்லாம் கருத்துக் கேட்டு அனுப்புவது டபிள்யூ.சி. டிராஃப்ட், அதாவது பரவலாகச் சுற்றுக்கு விடும் வரைவு. கருத்துகளைப் பார்த்து முடித்தது எஃப்-டிராஃப்ட். நெட்டில் நம் கையில் சிக்குவது பெரும்பாலும் டபிள்யூ.சி.தான்.

முதல் பக்கத்தைப் பாருங்கள். மேலே ‘டாக்’ என்று தொடங்கி, குழுவின் பெயர், அடைப்புக்குறிக்குள் ஓர் எண், கடைசியில் டபிள்யூ.சி. என்று இருக்கும். சிமெண்ட், கான்கிரீட் குழு என்றால் சி.இ.டி. 2. ‘கருத்துக்கு மட்டுமான வரைவு’, ‘இந்தியக் கோடாகப் பயன்படுத்தக் கூடாது’ என்ற வாசகங்களும், கருத்து அனுப்பக் கடைசித் தேதியும் இருக்கும். பழைய கோட்டின் திருத்தமாக இருந்தால், இன்ன ஐ.எஸ்.-இன் இத்தனையாவது திருத்தம் என்று தலைப்புக்குக் கீழே இருக்கும். இந்த வரிதான் ஆளை ஏமாற்றுவது. ஐ.எஸ். எண்ணைப் பார்த்ததும் கோடு என்றே நினைத்துவிடுகிறோம். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு ஸ்கேன் செய்த காப்பி கையில் வந்தால் இன்னும் மோசம். வெளியீட்டு ஆண்டும் விலைக் குறிப்பும் எங்கேயும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

வரைவைப் படிக்கலாம், கருத்து அனுப்பலாம், வரப்போவதற்குத் தயாராகலாம். அதன்படி டிசைன் செய்து கையெழுத்துப் போடக் கூடாது. தனி ஃபோல்டரில், பெயரின் முன்னாலேயே ‘வரைவு’ என்று போட்டு வையுங்கள்.

ஐ.எஸ்.ஓ. ஆவணமாக இருந்தால் எண்ணுக்கு முன்னாலுள்ள எழுத்தைப் பாருங்கள். சி.டி. என்றால் குழு வரைவு, டி.ஐ.எஸ். என்றால் வாக்கெடுப்புக்கும் கருத்துக்கும் சுற்றும் வரைவு, எஃப்.டி.ஐ.எஸ். என்றால் கடைசி வரைவு. எந்த எழுத்தும் இல்லாமல் ஆண்டோடு இருந்தால் வெளிவந்தது. ஐ.எஸ்.ஓ. தளத்தில் 90.93 என்ற எண்ணைப் பார்த்து, தொண்ணூறாவது வரைவோ என்று பயப்பட வேண்டாம். அது கட்டக் குறியீடு: 40 கருத்துக் கேட்பு, 50 இறுதி ஒப்புதல், 60 வெளியீடு, 90 மறுபரிசீலனை, 95 விலக்கல். 90.93 என்றால் பரிசீலித்து அப்படியே உறுதி செய்யப்பட்டது. 90.92 என்றால் திருத்தப் போகிறார்கள், அடுத்த பதிப்புக்குக் காசு ஒதுக்கி வையுங்கள்.

அறிகுறி: அமெரிக்கக் கோட்டின் பின்னால் எழுத்தும் அடைப்புக்குறியும்

ரப்பர் பாகம் ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது வரும். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் டி 2240-15(2021) என்றால் 2015 பதிப்பு, 2021-ல் மாற்றமின்றி மறு ஒப்புதல். டி 412-06ஏ(2013) என்றால் 2006-ல் அதே ஆண்டுக்குள் இரண்டாம் முறையாகத் திருத்தப்பட்ட பதிப்பு, 2013-ல் மறு ஒப்புதல். எப்சிலான் என்ற கிரேக்க எழுத்து நின்றால் எழுத்து அளவிலான திருத்தம் மட்டுமே, பொருள் மாறவில்லை. மாஸ்டர் லிஸ்டில் இதைச் சுருக்காமல் அப்படியே எழுதுங்கள். சின்ன ‘ஏ’-வை விட்டுவிட்டால் அது வேறு பதிப்பு.

அறிகுறி: வந்த கருத்துகள் வேறு பிரிவில் போய் விழுகின்றன

‘5.3-ல் அளவு தவறு’ என்கிறார். உங்கள் 5.3-ல் அளவே இல்லை. அவர் பார்த்தது இரண்டாம் வரைவு, நீங்கள் மூன்றாம் வரைவில் இருக்கிறீர்கள். நடுவில் ஒரு பிரிவு நுழைந்ததும் வேர்டு எல்லா எண்ணையும் தள்ளிவிட்டது.

சுற்றுக்கு விடும் வரைவைப் பிடிஎஃப் ஆக்கி, வரி எண்கள் போட்டு அனுப்புங்கள். கருத்துப் படிவத்தில் பிரிவு எண், கருத்து வகை (பொது, தொழில்நுட்பம், எழுத்து), கருத்து, மாற்று வாசகம் என்று நிரல்கள் இருப்பது வழக்கம். அதோடு வரைவு எண்ணையும் ஒவ்வொரு வரியிலும் வையுங்கள். கோப்புப் பெயரில் மட்டும் இருந்தால் போதாது, நாலு பேர் அனுப்பியதை ஒன்றாகச் சேர்த்ததும் அது காணாமல் போகும். சுற்று முடியும்வரை அடுத்த வரைவை வெளியே விடாதீர்கள்.

அறிகுறி: அட்டையில் திருத்தம் 3, உள்ளே ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் திருத்தம் 2

ஆடிட்டர் முதலில் பிடிப்பது இதைத்தான். திருத்த எண்ணை இரண்டு மூன்று இடத்தில் கையால் அடித்ததன் பலன். வேர்டில் ஆவணப் பண்பாக ஒரே இடத்தில் எண்ணை வைத்து, மற்ற இடங்களில் ஃபீல்டாக இழுத்துவிடுங்கள். ஆனால் கன்ட்ரோல்-ஏ, எஃப்9 அடித்தால் உடம்புப் பகுதி ஃபீல்டுகள்தான் புதுப்பிக்கப்படும். தலைப்பும் அடிக்குறிப்பும் அப்படியே நிற்கும். அந்தப் பகுதிக்குள் போய்த் தனியாக எஃப்9 அடியுங்கள். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனித் தலைப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும். பிடிஎஃப் ஆக்கிய பிறகு முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும்.

அறிகுறி: டிராயிங்கில் ஏ, பி, சி போய்த் திடீரென 0 வருகிறது

தவறு இல்லை. ஒப்புதலுக்கு முன் எழுத்து, வேலைக்கு விட்டதும் 0, பிறகு 1, 2 என்பது பல டிசைன் ஆபீஸ்களின் வழக்கம். எழுத்தைப் பார்த்தாலே வரைவு என்று தெரியும், அதுதான் அதன் அழகு. ஆங்கில ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள், ஒன்றும் பூஜ்யமும் போலத் தெரிவதால். கஸ்டமர் 1-ல் தொடங்குகிறார், நீங்கள் 0-ல் தொடங்குகிறீர்கள் என்றால் இருவர் எண்ணையும் டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் விவரக் கட்டத்தில்) தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள்.

அறிகுறி: டெண்டர் கேட்கும் கோடு எண்ணே இப்போது இல்லை

53 கிரேடு சிமெண்டுக்கு ஐ.எஸ். 12269 என்று இன்னும் எழுதுகிறார்கள். 33, 43, 53 மூன்று கிரேடுகளும் ஐ.எஸ். 269 : 2015-க்குள் வந்துவிட்டன. பழைய டெண்டரைக் காப்பி அடித்ததில் எண் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மாஸ்டர் லிஸ்டில் பழைய எண்ணை அழிக்காமல் ‘விலக்கப்பட்டது, பதிலாக இது’ என்று எழுதிவைத்தால் தேடுகிறவருக்கு வழி கிடைக்கும்.

அறிகுறி: ஷாப் ஃப்ளோரில் ஒட்டிய தமிழ்க் காப்பி ஒன்று சொல்கிறது, ஆபீஸ் ஆங்கிலக் காப்பி இன்னொன்று சொல்கிறது

மெஷின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தமிழ் வேலைக் குறிப்பில் ‘திருத்தம் 1’ என்றிருக்கிறது. எதன் திருத்தம் 1? தமிழாக்கத்தின் முதல் திருத்தமா, ஆங்கில மூலத்தின் முதல் திருத்தமா? ஆங்கிலம் 5-க்குப் போயிருக்கும், தமிழை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்க் காப்பிக்கு இரண்டு அடையாளம் வேண்டும். தன் திருத்த எண் ஒன்று, ‘மூலம்: திருத்தம் 5’ என்று இன்னொன்று. மூலம் மாறும்போது தமிழைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை ஆங்கில ஆவணத்தின் மாற்றப் படிவத்திலேயே ஒரு கேள்வியாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. பழைய தமிழ்க் காப்பிகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னொரு தொல்லை: கம்ப்யூட்டரில் ‘வரைவு’ என்று தேடினால் அகப்படாது, எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும்போது அடையாள வரியை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள்.

சுவரில் இருந்து பழையதை எடுக்கும்போது எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு காப்பியில் ‘விலக்கப்பட்டது’ என்று சிவப்பில் குறுக்கே முத்திரை குத்தி, எந்தத் தேதிவரை நடப்பில் இருந்தது என்று எழுதி ஃபைலில் வையுங்கள். அந்தக் குறிப்பின்படி செய்த பாகத்தைப் பற்றி கஸ்டமர் கேள்வி கேட்டால், அன்றைக்கு எது நடப்பில் இருந்தது என்பதற்கு அந்தக் காப்பியைத்தான் காட்ட முடியும்.